இஜ்திஹாத்: ஆய்ந்து துணிதல்

இஸ்லாமியச் சட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றலாமா என்று பேச்சு எழுந்தால் முதலில் வந்து நிற்கும் சொல் இஜ்திஹாத். தமிழில் இதைச் 'சுயசிந்தனை', 'மறுவிளக்கம்', 'சீர்திருத்தம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றுமே பொருந்தாதவை. அவற்றிலும் 'சுயசிந்தனை' நேர் எதிரான பொருளைத் தந்துவிடுகிறது.

அரபியில் ஜீம், ஹா, தால் என்ற மூன்று எழுத்துகள் இதன் வேர். 'ஜஹ்த்' என்றால் உழைப்பு, பாடு. ஜிஹாதும் இதே வேரில் பிறந்ததுதான். வேரின் முதல் எழுத்துக்குப் பின் ஒரு தகரம் சேரும் வாய்பாட்டில் 'இஜ்தஹத' என்ற வினை கிடைக்கிறது: தன் வலு முழுவதையும் கொடுத்து முயன்றான். 1111இல் மறைந்த சட்ட அறிஞர் இமாம் கஸ்ஸாலி, திரிகைக் கல்லைத் தூக்குபவனுக்கு இந்த வினையை ஆளலாம், கடுகைத் தூக்குபவனுக்கு ஆள முடியாது என்கிறார். பாடுபடாமல் எட்டிய கருத்து எவ்வளவு புதுமையாக இருந்தாலும் இஜ்திஹாத் ஆகாது.

சட்டக் கலையில் பொருள் இன்னும் குறுகும். ஒரு செயலுக்கான மார்க்கத் தீர்ப்பை ஆதாரங்களிலிருந்து கண்டெடுக்கத் தகுதியுள்ள அறிஞர் தம் ஆற்றலை முழுதும் செலவிடுவதே இஜ்திஹாத்; அவர் முஜ்தஹித். அரபி மொழி, சட்டம் பேசும் குர்ஆன் வசனங்கள் (சுமார் 500 என்பது கஸ்ஸாலியின் கணக்கு), அதே பொருளிலான ஹதீஸ்கள் (நபியின் சொல், செயல் பற்றிய செய்திகள்), எந்தக் கட்டளை எதனால் மாற்றப்பட்டது என்ற அறிவு, முன்னோரின் ஒருமித்த முடிவுகள், ஒப்புநோக்கும் முறை ஆகியவை அவருக்கு வேண்டும். முடிவு சரியானால் இறைவனிடம் இரு கூலி, தவறினால் ஒன்று என்று புகாரி, முஸ்லிம் எனப்படும் இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உண்டு. தவறுக்கும் கூலி கிடைப்பதன் காரணம் எளிது: இஜ்திஹாத் தருவது முழு உறுதி அல்ல, வலுத்த அனுமானம்.

எல்லையும் உண்டு. தெளிவான மூலவாசகம் உள்ள இடத்தில் இஜ்திஹாதுக்கு இடமில்லை என்பது பழைய விதி. உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பு இதை 14ஆம் விதியாகவே எழுதி வைத்தது. எது 'தெளிவான' வாசகம் என்பதில்தான் பாதிச் சண்டை.

வேலை நடக்கும் முறையைப் பார்க்கலாம். மிகவும் புழங்கும் கருவி கியாஸ், அதாவது ஒப்பீடு. அதற்கு நான்கு உறுப்புகள்: மூலம், கிளை, காரணம், தீர்ப்பு. மது மூலம், குர்ஆன் தடுத்தது. வாசகத்தில் பெயர் வராத போதைப்பொருள் கிளை. மதுவின் நிறமா, திராட்சையா, போதையா எது தடைக்குக் காரணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துப் போதையே என்று நிறுவ வேண்டும். அந்தக் காரணம் கிளையிலும் இருந்தால் தீர்ப்பும் அங்கே செல்லும்.

சறுக்குமிடம், காரணத்தையும் ('இல்லத்') நோக்கத்தையும் ('ஹிக்மத்') ஒன்றாக்கிக்கொள்வது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாம். காரணம் பயணம், நோக்கம் சிரமம் குறைப்பது. நோக்கத்தையே காரணமாக்கினால் ஊருக்குள் மூட்டை சுமப்பவர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம், சொகுசாகப் பயணம் போகிறவர் சுருக்கக் கூடாது என்றாகும். பயணத்தை அளக்க முடியும், சிரமத்தை அளக்க முடியாது. அதனால் பழைய சட்ட அறிஞர் பெரும்பாலோர் காரணத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

நவீன மறுவாசிப்பின் உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. இஜ்திஹாதின் 'வாசல் அடைபட்டதா, திறந்ததா' என்ற வழக்கமான கேள்வி அவ்வளவு பயனுடையதல்ல. சுமார் 900ஆம் ஆண்டோடு வாசல் அடைபட்டது, அதன்பின் புதிய இஜ்திஹாதுக்கு இடமில்லாமல் போனது என்று ஜோசப் ஷாக்ட் போன்ற மேற்கத்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1984இல் இஸ்லாமியச் சட்ட வரலாற்றாய்வாளர் வாயில் ஹல்லாக் அதை மறுத்தார். 1505இல் மறைந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி தம்மை முஜ்தஹித் என்றே சொல்லிக்கொண்டார். ஷியாக்களின் பெரும்பான்மைச் சட்டப் பள்ளியான உசூலி மரபில் வாழும் முஜ்தஹிதைப் பின்பற்றுவதே பொது முறை. வேலை நிற்கவே இல்லை, மாறியது கருவி. நவீனச் சீர்திருத்த அறிஞர்களான முஹம்மது அப்துஹு, ரஷீத் ரிளா தொடங்கிப் பலரும் காரணத்தைவிடச் சட்டத்தின் நோக்கங்களுக்கு ('மகாசித்') எடை கூட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பாகிஸ்தானிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் இதை இருவழிப் பயணமாக வகுத்தார்: முதலில் வசனம் இறங்கிய சூழலுக்குப் போய்ப் பொது நெறியைப் பிரித்தெடு, பிறகு அந்த நெறியோடு இன்றைய நிலைக்குத் திரும்பு.

துனீசியா 1956இல் பலதார மணத்தைத் தடைசெய்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம் நல்ல உதாரணம். குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 3ஆம் வசனம் நீதி செலுத்த முடியாதென அஞ்சினால் ஒருத்தி போதும் என்கிறது. 129ஆம் வசனம், எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே நீதியாக நடக்க உங்களால் இயலாது என்கிறது. இரண்டையும் கூட்டினால் விடை ஒருதாரம். எதிர்ப்பாளர்களின் மறுப்பும் இலேசானதல்ல: முதல் நீதி செலவு, இருப்பிடம் பற்றியது, இரண்டாவது மனத்தின் சாய்வு பற்றியது, அதே வசனம் 'முழுவதுமாக ஒருபக்கம் சாயாதீர்கள்' என்று தொடர்வதால் பலதாரம் நீடிப்பதை அது ஏற்றுக்கொண்டே பேசுகிறது. வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுப்புக்கே வலு அதிகம். நோக்கத்தை வைத்தால் துனீசியாவின் வாதம் நிற்கும்.

இனித் தமிழ். 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் துணிதல் என்பது ஆராய்ந்து முடிவெடுத்தல். அவசரத் தைரியம் அல்ல. எனவே இஜ்திஹாத் 'ஆய்ந்து துணிதல்', சுருக்கமாக 'சட்டத் துணிபு'. முஜ்தஹிதை 'சட்டத் துணிபாளர்' எனலாம். 'ஆய்வு' என்று மட்டும் எழுதினால் தீர்ப்பு கூறும் பொறுப்பு விடுபட்டுப்போகும். பழக்கமில்லாத வாசகருக்கு முதல் முறை அரபிச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் சேர்த்து எழுதுவது நல்லது.

பக்கத்துச் சொற்களையும் பிரித்தாள வேண்டும். இஸ்லாஹ் சீர்திருத்தம், தஜ்தீத் புதுப்பித்தல். வாசகத்தின் பொருளையே திறந்து பார்க்கும் தஃவீல் பொருள்கோள். 1995இல் கெய்ரோ மேல்முறையீட்டு நீதிமன்றம் மதம் துறந்தவர் என்று அறிவித்து மணத்தை முறித்த எகிப்தியக் குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் ஹாமித் அபூஸைத் செய்தது இந்த வேலை. அதை இஜ்திஹாத் என்று எழுதுவது பிழை. தக்லீத் என்பது முஜ்தஹிதின் தீர்ப்பை ஏற்று நடப்பது; கழுத்தணியைக் குறிக்கும் 'கிலாதா'வோடு உறவுள்ள சொல். அதைக் 'கண்மூடிப் பின்பற்றுதல்' என்பது எதிர்த்தரப்பின் வசை. நடுநிலையாக எழுதுகிறவர் 'சார்ந்தொழுகல்' என்று எழுதலாம்.