சூப்பர்கன்: சுடாத துப்பாக்கி

காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டின் அசல் போர்டை (விளையாட்டு அடங்கிய மின்சுற்றுப் பலகையை), அதற்குரிய கேபினெட் என்னும் நிற்கும் கூடு இல்லாமல் வீட்டு டிவியில் ஓடவிடும் பெட்டிக்குப் பெயர் சூப்பர்கன். போர்டுக்கு மின்சாரம் கொடுப்பது, படத்தையும் ஒலியையும் டிவி தாங்கும் அளவுக்குக் குறைப்பது, ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் காசு சுவிட்சையும் இணைப்பது எனக் கேபினெட்டின் வேலையெல்லாம் இதன் தலையில்.

'சூப்பர்' லத்தீனில் 'மேல்'. 'கன்' ஆங்கிலத் துப்பாக்கி. கூட்டிப் பார்த்தாலும் பொருள் பிடிபடாது. 'மீத்துப்பாக்கி' என்று பெயர்த்தால் சிரிப்புதான் மிஞ்சும். ஜப்பானியர் 'கன்ட்ரோல் பாக்ஸ்' என்கிறார்கள், அது தேவலை. ஆனால் 'கட்டுப்பாட்டுப் பெட்டி' என்றால் தமிழில் ஜாய்ஸ்டிக் பெட்டியென்று தோன்றிவிடும். 'பலகை இயக்குபெட்டி' பொருந்தும். பேச்சில் 'இயக்குபெட்டி' போதும். வெறும் 'இயக்கி' வேண்டாம், அதை மென்பொருள்காரர்கள் 'டிரைவர்' என்பதற்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

கூடவே வரும் சொல் ஜாம்மா. ஜப்பானிய விளையாட்டு இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் அவை. 1985இல் அச்சங்கம் வகுத்த இணைப்பு முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது: போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள், 3.96 மி.மீ. இடைவெளியில். ஒருவருக்கு மூன்று பட்டன்தான் இதில் அடங்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போல ஆறு பட்டன் கேட்கும் போர்டில் மீதி மூன்றுக்குத் தனி இணைப்பி இருக்கும்; இயக்குபெட்டியிலும் அதற்கு வழி வேண்டும்.

தகராறு பெரும்பாலும் போர்டுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் மின்சாரத்தில்தான். சப்ளையின் முனையில் 5.0 காட்டும், ஒயரிலேயே கொஞ்சம் இறங்கிப் போர்டில் 4.7 ஆகிவிடும், விளையாட்டு பாதியில் தானாக மறுபடி தொடங்கும். போர்டு ஓடும்போதே அதன் மேல் அளந்து 5.0க்குச் சற்று மேலே வையுங்கள். 5.25ஐத் தாண்டினால் சில்லுகளுக்கு ஆபத்து.

படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் டிவி எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைவிட வலுவாக வரும். குறைக்காமல் கொடுத்தால் வெளிறிக் கண்ணைக் கூசும். படத்தை டிவியோடு ஒத்திசைக்கும் சிங்க் கம்பியிலும் 470 ஓம் போன்ற மின்தடை வேண்டும். ஒலி ஸ்பீக்கருக்கென்றே பெருக்கப்பட்டு வருவதால் அதையும் டிவியில் நேராகச் செருகக் கூடாது.

7ஆம் முனையில் இருக்க வேண்டிய தடுப்புக்கட்டை பல இணைப்பிகளில் இருப்பதில்லை. அப்போது போர்டைத் தலைகீழாகச் செருக முடியும். செருகினால் 6ஆம் முனையின் 12 வோல்ட், 23ஆம் முனையான இரண்டாவது பட்டனின் உள்ளீட்டில் போய் இறங்கும்.