பழைய பற்றரியும் கழிவு ஒயிலும்: கலக்காமல் வைத்தால்தான் மீட்கலாம்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ-9 வீதியோரமாக உள்ள உழவு இயந்திரக் கராஜ்கள், பற்றரிக் கடைகள், அரிசி ஆலைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் பின்புறங்களில் ஏறத்தாழ ஒரே பொருட்களே ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன: சார்ஜ் நிற்காத பற்றரிகள், கறுத்த ஒயில் கான்கள், எரியாத ரியூப் லைற்றுகள். இவை ஆபத்தானவை என்பதைப் பலரும் அறிவர். ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனி முறையிலேயே மீள்சுழற்சி செய்யப்படுகின்றன என்பதும், ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எதையுமே ஒழுங்காக மீட்க முடியாது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இவற்றுள் முதலிடம் ஈய அமிலப் பற்றரிக்கே. லாண்ட்மாஸ்ரர் எனும் இரு சக்கர உழவு இயந்திரம், லொறி, சூரிய மின்தகடு, யானையைத் தடுக்கும் மின்வேலி என்று வன்னியில் அது இல்லாத தொழிலிடம் குறைவு. 1859இல் பிரான்சில் கஸ்ரோன் பிளாந்தே உருவாக்கிய அதே வேதியியலே இன்றும் அதனுள் நடக்கிறது. ஒரு தகட்டில் ஈய ஈரொட்சைட்டும் மற்றத் தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும் இருக்க, இரண்டுக்கும் நடுவே சல்பூரிக் அமிலம் நிற்கிறது. மின்சாரம் எடுக்கப்படும்போது இரு தகடுகளும் ஈய சல்பேற்றாக மாறுகின்றன. சார்ஜ் ஏற்றும்போது அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. நீண்ட காலம் சார்ஜ் இல்லாமல் விடப்பட்ட பற்றரியில் அந்தச் சல்பேற்று கடினமான படிகமாக இறுகிவிடுவதால் அது மீண்டும் கரைவதில்லை. அத்துடன் பற்றரியின் ஆயுளும் முடிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஈயம் எங்கும் போய்விடவில்லை. பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே ஆகும்.

முறையான ஆலையில் பற்றரி மூடிய இயந்திரத்தினுள் நொறுக்கப்பட்டு நீரில் இடப்படுகிறது. பெட்டியின் பிளாஸ்ரிக் மிதக்க, ஈயம் அடியில் தங்குகிறது. அமிலம் சோடாவினால் நடுநிலையாக்கப்படுகிறது. தகட்டின் சட்டகத்தில் அப்பியிருந்த ஈயச் சேர்மப் பசை, கரியுடன் சேர்த்து, புகை வடிகட்டும் வசதியுள்ள உலையில் 1000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்படும்போதுதான் அதிலுள்ள ஈயம் உலோகமாகப் பிரிகிறது. ஈய உலோகமோ 327 பாகையிலேயே உருகிவிடும். வலைக்கு ஈயக்கட்டி வார்ப்பதற்காகப் பற்றரியை உடைத்து முற்றத்து அடுப்பில் உருக்குபவருக்கு இதனால் ஒரு பொய்யான வெற்றி கிடைக்கிறது: தகட்டின் சட்டகம் உருகி ஓடிவர, பசையிலிருந்த ஈயத்தில் கணிசமான பங்கு சாம்பலோடும் கசடோடும் அந்த முற்றத்து மண்ணிலேயே விழுகிறது. களியிலும் மக்கிய இலைதழையிலும் ஈயம் இறுகப் பற்றிக்கொள்வதால், பல பத்தாண்டுகள் சென்றாலும் அது மேல்மண்ணை விட்டு இறங்குவதில்லை. கோழி கிளறுவதும் பிள்ளைகள் விளையாடுவதும் அந்த மேல்மண்ணில்தான். விழுங்கும் ஈயத்தைச் சிறுவர்களின் உடல் வளர்ந்தோரைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது என்றும், பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகும் தூசியும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஆகவே கராஜில் செய்ய வேண்டியது, பற்றரியைத் திறக்காமல், சாய்க்காமல், கூரையின் கீழ் பிளாஸ்ரிக் தட்டொன்றில் நிமிர்த்தி வைத்து, முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுவதே. வெடித்த பற்றரியைப் பிளாஸ்ரிக் வாளியில் வைக்கலாம். தகர வாளியை அமிலம் அரித்துவிடும். சிந்திய அமிலத்தின் மேல் அப்பச்சோடா தூவினால் நுரை பொங்கும். மேலும் தூவியும் நுரைக்காவிட்டால் அமிலம் தீர்ந்துவிட்டது எனலாம். ஆனால் அதனோடு வந்த ஈயம் தீரவில்லை என்பதால், அந்தச் சேற்றைக் கையுறையுடன் அள்ளித் தனியாக மூடி வைக்க வேண்டும்.

கழிவு ஒயிலின் கதை வேறு. இயந்திரத்தில் ஓடிய ஒயில் தன் தன்மையை முழுவதும் இழப்பதில்லை. தேய்ந்த உலோகத் துகளும் கரியும் நீரும் எரிபொருளும் அதில் சேர்ந்திருக்கும். இவற்றை வெற்றிட வடிப்பு முதலிய முறைகளால் நீக்கி அதை மீண்டும் மசகெண்ணெய் ஆக்கலாம், அல்லது சீமெந்துச் சூளையில் எரிபொருளாக்கலாம். சுமார் 1450 பாகையில் சுண்ணாம்புக்கல் வேகும் அந்தச் சூளையில் எண்ணெயின் நச்சுச் சேர்மங்கள் சிதைகின்றன; எழும் அமில வாயுக்களைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே கானில் பிறேக் ஒயிலையோ பெற்றோலையோ றேடியேற்றர் நீரையோ ஊற்றிவிட்டால் மீள்வடிப்புக்கு அது உதவாது. கறையான் ஏறாமல் இருக்க வேலிக் கட்டைக்குக் கழிவு ஒயில் பூசுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டாலும், கிணற்றடி வேலிக்கு அதைச் செய்வது உசிதமல்ல. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பல, வன்பாறைக்கு மேலுள்ள உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் சொற்ப நீரையே நம்பியவை. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வடக்கில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ரியூப் லைற்றினுள் உள்ள பாதரசம் சில மில்லிகிராம் மட்டுமே. அது எளிதில் ஆவியாகும் என்பதால் இந்த விளக்குகளை ஒயிலைப் போலச் சூளைக்கு அனுப்ப முடியாது. கண்ணாடியையும் பாதரசத்தையும் பிரிக்கும் மூடிய இயந்திரம் வேண்டும். எனவே வந்த அட்டைப் பெட்டியிலேயே உடையாமல் திரும்ப வைப்பது நல்லது. உடைந்துவிட்டால் விளக்குமாற்றை எடுக்காமல், சன்னல்களைத் திறந்துவிட்டுக் கால் மணித்தியாலம் வெளியே நின்று, பின்னர் கடினமான அட்டையாலும் ஈரக் காகிதத்தாலும் சேர்த்தெடுக்க வேண்டும்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், இத்தகைய பட்டியலிடப்பட்ட கழிவுகளைச் சேகரிப்பவரும் ஏற்றிச் செல்பவரும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. நடைமுறையில், ஒரு சிறு கராஜில் சேர்வது லொறி அனுப்புமளவுக்குப் போதாது. பழைய இரும்பு வாங்க வரும் சிலரோ அமிலத்தைக் கொட்டிய பின்னரே பற்றரியை நிறுக்கிறார்கள். பிரதேச சபையொன்று கூரையும் சீமெந்துத் தளமும் கொண்ட பொதுச் சேகரிப்பு இடமொன்றை அமைத்து, உரிமம் பெற்றவரைக் குறித்த நாளில் அங்கு வரவழைத்து, பற்றரியை அமிலத்தோடேயே நிறுத்து விலை கொடுக்கச் செய்தால், அதைக் கராஜின் பின்புறத்தில் கவிழ்ப்பதற்கு எவருக்கும் காரணமிராது.