சில்லென்று ஓடும் எஞ்சின்

குறுவைப் பருவத்தில் பம்ப்செட் பழுது பார்க்க அழைப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: டீசல் கட்டுப்படியாகவில்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவரின் 5 குதிரைத்திறன் எஞ்சினைப் பார்க்கப் போனேன். "எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. நாள் முழுக்க ஓடினாலும் தொட்டால் சில்லென்று இருக்கும். ஆயில்கூடக் குறைவதில்லை" என்றார். ஆயில் குச்சியை உருவினேன். குறையாதது இருக்கட்டும், மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது! விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை. முகர்ந்தால் டீசல் வாடை. அவர் பெருமையாகச் சொன்ன இரண்டும்தான் கோளாறு.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கும்போது எழும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நாசில் பீய்ச்சும் தூவல் ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிய, 1500 சுற்றில் ஓடும் எஞ்சினில் சில மில்லி வினாடிகளே கிடைக்கும். பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, போர்த் தண்ணீரை அப்படியே ஜாக்கெட்டுக்குள், அதாவது சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் அறைக்குள், விடுவது நம் ஊர் வழக்கம். அதனால் குளிர்ந்துபோன சிலிண்டர் சுவரில் படும் டீசல் முழுதாக எரியாது. ஒரு பங்கு கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையாகப் போகும். ஒரு பங்கு சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள ஆயிலில் கலக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்உறையான லைனரும் தேய்வது அதற்குப் பிறகு வரும் செலவு.

மருந்து மலிவானது. ஜாக்கெட்டுக்குப் போகும் கிளைக் குழாயில் ஒரு தண்ணீர் டேப் வைத்துச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். வெளியேறும் தண்ணீர் 60 முதல் 70 டிகிரிக்குள் நிலைக்க வேண்டும். கையால் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். ஒரு வெப்பமானி போதும். டேப்பை முழுதாக மூடினால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் விரிசல் விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாசிலையும் கழற்றிச் சோதித்தேன். பனிபோலத் தூவ வேண்டியது சொட்டிக்கொண்டிருந்தது, மாற்றினேன். (தூவலுக்கு எதிரே விரலை நீட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஏறக்குறைய 200 பார் அழுத்தம் அது, தோலைத் துளைத்துவிடும்.) ஆயிலையும் மாற்றினேன்.

சீரான 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் குடிக்க வேண்டும். அவருடையது ஒன்றரை குடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் போனபோது புகை கண்ணில் படவில்லை. "இப்போது தொடவே முடியவில்லையே" என்று மட்டும் பெரியவர் குறைப்பட்டார். டேப்பை யாரும் திருகிவிடாமலிருக்க அது நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.