சாப்பிட எத்தன நிமிஷம் எடுத்துக்கறீங்க?

நெஞ்செரிச்சல், வயித்து உப்புசம்னு எங்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் கேக்குறது "டாக்டர், எதெல்லாம் சாப்பிடக்கூடாது?". நான் திருப்பிக் கேக்குறது, சாப்பிட்டு முடிக்க எத்தன நிமிஷம் ஆகுதுன்னு. நிறைய பேருக்கு பதில் தெரியாது. நைட் ஷிப்ட் வேலை பாக்குற ஒருத்தர் அப்படித்தான் யோசிச்சிட்டே உக்காந்திருந்தார், கூட வந்த அவர் மனைவிதான் சொன்னாங்க, "அஞ்சு நிமிஷம் கூட ஆகாது டாக்டர், ஒரு கையில போன், வாயில இருக்கறத முழுங்கறதுக்குள்ள அடுத்த வாய் விரல்ல ரெடியா இருக்கும்"னு. அந்த அடுத்த வாய்தான் பிரச்சனையே.

வயித்துச் சுவர் விரியறப்ப நரம்பு வழியா மூளைக்கு ஒரு தகவல் போகும், சாப்பாடு சிறுகுடலுக்குள்ள இறங்க ஆரம்பிச்சதும் அங்க சுரக்குற ஹார்மோன்கள் மூலமா இன்னொண்ணு போகும், இதெல்லாம் சேர்ந்து "போதும்"னு தோண சுமாரா 20 நிமிஷம் ஆகும். அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறவருக்கு அந்த "போதும்" கை கழுவின அப்புறம்தான் வருது, அதுக்குள்ள தேவைக்கு மேலயே உள்ள போயிருக்கும். அவசரமா முழுங்கறப்ப காத்தும் சேர்ந்து போகும், ஏப்பம் அதனாலதான். மாவுச்சத்து செரிக்க ஆரம்பிக்கறதே வாயில, எச்சில்ல இருக்கற அமைலேஸ்ங்கற நொதியால, மெல்லாம முழுங்கினா அந்த வேலைக்கு நேரமே கிடைக்காது.

இவர் அதோட சாப்பிட்ட உடனே படுக்கவும் போயிடுவார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு, ஆசிட் மேல வராம தடுக்கறது அதோட வேலை, வயிறு முட்ட சாப்பிட்டுட்டு படுத்தா அதால தாங்க முடியாது. ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி விடுங்க. முடியலன்னா இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க, ஆசிட் மேல ஏறுறது குறையும்.

மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன், ஆனா அவர்கிட்ட அழுத்திச் சொன்னது ஒண்ணுதான், போன வேற ரூம்ல வைங்க, வாய் காலியாகற வரைக்கும் கை தட்டுக்குப் போகக்கூடாது. மூணு வாரம் கழிச்சு வந்தவர், முன்ன சாப்பிட்ட அளவு இப்ப சாப்பிட முடியலன்னு பயந்துபோய் கேட்டார். பயப்படாதீங்க, உங்க வயிறு சொல்றது இப்பதான் உங்களுக்கு கேக்குதுன்னு சொன்னேன்.

ஆனா நெஞ்சுல அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்கறது, தாடைக்கோ கைக்கோ பரவுற வலி இருந்தா தயவுசெஞ்சு கேஸ்னு நினைச்சு வீட்ல உக்காராதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க. முழுங்கறப்ப அடைக்கிற மாதிரி இருக்கு, காரணமில்லாம எடை குறையுது, மலம் கருப்பா போகுதுன்னா அதுக்கும் தள்ளிப்போடாம டாக்டர பாருங்க.