பிரிண்டர் நின்ற வெள்ளிக்கிழமை

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் அறைக்கு (ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் பணம் அனுப்பும் உத்தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் நெட்வொர்க்) வந்த அதிகாரி, தானாக அச்சாகி வர வேண்டிய பரிவர்த்தனைத் தாள்கள் வரவில்லை என்று கவனித்தார். பிரிண்டர் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதை முடக்கியதே உள்ளே புகுந்திருந்த வைரஸ்தான்.

முந்தைய இரவே, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேச வங்கியின் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயிருந்தன. எல்லாம் முறையான உத்தரவு போலவே இருந்தன. சுமார் ஓராண்டுக்கு முன்பே, வேலை கேட்டு எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் வழியாகத் திருடர்கள் நுழைய ஆரம்பித்துவிட்டார்கள்.

நாள் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். வங்கதேசத்தில் வெள்ளி, சனி விடுமுறை. சனிக்கிழமை விவரம் புரிந்து நியூயார்க்கைத் தொடர்பு கொண்டால் அங்கே வார விடுமுறை. பணம் போன பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு. 8.1 கோடி டாலர் அங்கே போய்ச் சேர்ந்தது, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி, பெறுகிற அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் வந்து தப்பியது. மீதி உத்தரவுகளை நியூயார்க் வங்கி நிறுத்திவிட்டது.

விசாரித்த போலீஸ் சொன்னது இன்னும் வேதனை. அந்த வங்கியின் நெட்வொர்க்கில், வெளியாட்கள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் கருவிகளில், பத்து டாலர் விலையுள்ள பழையவற்றை வைத்து இணைத்திருந்தார்கள்.

வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போகிறவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பணம் அனுப்புகிற கணினியும் குமாஸ்தா மெயில் பார்க்கிற கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதை நானே பார்க்கிறேன். ஞாயிறு ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால், "சிஸ்டம் பார்க்கிற தம்பியை" என்பார்கள். அந்தத் தம்பி ஒப்பந்த ஊழியர். சர்வரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. தீபாவளி, பொங்கல் போன்ற நீண்ட விடுமுறைக்கு முன்பாவது, அந்த அதிகாரம் உள்ள ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதி ஒட்டிவையுங்கள்.

வங்கிக் கொள்ளை எப்படி தேசப் பாதுகாப்புப் பிரச்சினை ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். போனது அந்நியச் செலாவணிக் கையிருப்பு. எரிபொருளும் மருந்தும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அதுதான் உயிர்நாடி. 2018இல் அமெரிக்க நீதித்துறை இந்தத் திருட்டு தொடர்பாக வட கொரிய புரோகிராமர் ஒருவர் மீது குற்றம் சாட்டியது. அவர் அந்நாட்டு அரசுக்காக வேலை செய்தவர் என்றது. ஆக, ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஓர் ஏழை நாட்டின் கஜானாவுக்குள் இன்னொரு நாடு கை வைத்தது என்பதுதான் குற்றச்சாட்டு.

எனக்கு அதிகம் உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். வங்கதேச நிதியமைச்சருக்கே செய்தி ஊடகம் வழியாகத்தான் தெரிந்தது. மார்ச் நடுவில் அந்த மத்திய வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். இந்த மறைக்கிற பழக்கம் இங்கேயும் உண்டு. தணிக்கையில் ஊடுருவல் தடயம் கிடைத்தால், "ரிப்போர்ட்டில் போடாமல் விட முடியுமா சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முடியாது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். வழியில் இருக்கிற பணத்தை நிறுத்திவைக்கக் கிடைப்பதும் அந்தச் சில மணி நேரம்தான்.