சஃப்ரஜெட்: இந்தச் சொல்லுக்குத் தமிழ்ல என்ன?

சஃப்ரஜெட்ன்னா ஓட்டுரிமைக்காகப் போராடுன பெண்கள்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிடலாம், பல இடத்துல அப்படித்தான் எழுதுறாங்க, ஆனா அது பாதிதான் சரி. ஓட்டு கேட்ட எல்லாப் பெண்களும் சஃப்ரஜெட் கிடையாது. பிரிட்டன்ல 1866லயே கிட்டத்தட்ட 1,500 பெண்கள் கையெழுத்துப் போட்டு பார்லிமெண்டுக்கு மனு குடுத்தாங்க, 1897ல மில்லிசென்ட் ஃபாசெட் தலைமைல ஊர் ஊரா இருந்த சங்கங்க எல்லாம் ஒண்ணா சேந்துச்சு, கூட்டம் ஊர்வலம்னு சட்டத்துக்கு உட்பட்டே கேட்டாங்க. இவங்க பேரு சஃப்ரஜிஸ்ட். மனு குடுத்துக் குடுத்து நாப்பது வருஷம் ஓடிப்போச்சு, இனிமே இப்படிக் கேட்டா கிடைக்காதுன்னு சட்டத்த மீறி ஜெயிலுக்குப் போனவங்கதான் சஃப்ரஜெட். ரெண்டு பேருக்கும் நோக்கம் ஒண்ணு, வழி வேற. தமிழ்ல எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமப் போயிடுது, அதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்தல்.

மூலச் சொல் சஃப்ரேஜ். இது லத்தீன்ல சஃப்ராகியும்ங்கிற சொல்லுலருந்து வந்தது, ஓட்டு, ஆதரவு, ஓட்டுப்போடுற உரிமை இதெல்லாம் அதுக்கு அர்த்தம். அந்த லத்தீன் சொல்லே எப்படிப் பொறந்துச்சுங்கிறதுல அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல, உடைக்கிறதுங்கிற வேர்னு ஒரு பக்கம், கூட்டத்துல எழுப்புற ஆரவாரம்னு இன்னொரு பக்கம். ஆனா கஷ்டப்படுறதுக்கு இங்கிலீஷ்ல இருக்குற சஃபர்ங்கிற சொல்லுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சத்தம் ஒண்ணா இருக்கேன்னு ரெண்டையும் முடிச்சுப் போட்டுடாதீங்க. இங்கிலீஷ்ல சஃப்ரேஜ் முதல்ல வந்தப்ப அதுக்கு ஓட்டுன்னு அர்த்தமே இல்ல, அடுத்தவங்களுக்காக சர்ச்சுல பண்ற வேண்டுதலுக்குத்தான் அந்தப் பேரு. நம்ம கத்தோலிக்க வழக்குல மன்றாட்டுன்னு சொல்றோமே, அதேதான். மன்றாடுங்கிற சொல்லுக்குள்ள மன்று இருக்கு, அதாவது சபை, சபைல நின்னு வழக்காடுறதுன்னும் அதுக்கு ஒரு அர்த்தம் உண்டு. தமிழ்ல ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள இருக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, கெஞ்சுறதும் வாதாடுறதும்.

சரி, சஃப்ரஜெட்டுக்கு வருவோம். 1905 அக்டோபர்ல மான்செஸ்டர்ல லிபரல் கட்சிக் கூட்டம் ஒண்ணு நடந்துச்சு, அதுல கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட், ஆனி கென்னின்னு ரெண்டு பேர் எந்திரிச்சு நீங்க ஆட்சிக்கு வந்தா பெண்களுக்கு ஓட்டு குடுப்பீங்களான்னு கேட்டாங்க, பதில் வரல, திரும்பவும் கேட்டாங்க, இழுத்து வெளில தள்ளுனாங்க, அபராதம் கட்ட மாட்டோம்னு சொல்லி ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. ஆனி கென்னி பத்து வயசுலயே பஞ்சாலை வேலைக்குப் போய் அங்க மெஷின்ல ஒரு விரல பறிகுடுத்தவங்க, அதனால இது பணக்கார வீட்டுப் பெண்களோட பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா இவங்க பேரச் சொல்லுங்க. கிறிஸ்டபெல்லோட அம்மா எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903ல ஆரம்பிச்ச பெண்கள் சமூக அரசியல் சங்கம்தான் இவங்களோட அமைப்பு, பேச்சு வேண்டாம் செயல் வேணும்ங்கிறதுதான் அவங்க முழக்கம்.

இந்தக் கலாட்டாவெல்லாம் பேப்பர்ல வந்துக்கிட்டு இருந்தப்பதான், 1906 ஜனவரில டெய்லி மெயில் பேப்பர்ல சார்லஸ் ஹேண்ட்ஸ்ங்கிற நிருபர் இவங்கள மட்டம் தட்டணும்னே சஃப்ரஜெட்னு எழுதுனார். கடைசில வர்ற எட்ங்கிற விகுதிலதான் குத்தல் இருக்கு. சிகார் சின்னதானா சிகரெட், அந்த மாதிரி ஒரு பொருள சின்னதாக்கவும், பெண்பாலாக்கவும், அசலுக்கு மட்டமானதுன்னு காட்டவும் சேக்குற ஒட்டு அது. ஓட்டுரிமைக்காரிச் சிறுசுங்கங்கிற தொனி. ஆனா இவங்க கோவப்படல, அந்தப் பேர அப்படியே எடுத்து வெச்சுக்கிட்டாங்க, 1912ல இருந்து நடத்துன பத்திரிகைக்கே தி சஃப்ரஜெட்னு பேரு. கடைசில வர்ற ஜெட்ட கெட்னு அழுத்திச் சொல்லி, கெட்னா வாங்குறதுதானே, சஃப்ரஜிஸ்ட் ஓட்டு வேணும்னு நினைக்கிறவங்க, சஃப்ரஜெட் அத வாங்கியே தீர்றவங்கன்னு அர்த்தத்தையே மாத்திட்டாங்க.

அந்தப் பேருக்கு அவங்க குடுத்த விலை ரொம்பப் பெருசு. 1909ல மேரியன் வாலஸ் டன்லப் ஹாலோவே ஜெயில்ல உண்ணாவிரதம் ஆரம்பிச்சாங்க, பின்னாடியே மத்தவங்களும் சாப்பிட மறுத்தாங்க, அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா ஆள அமுக்கிப் பிடிச்சு மூக்கு வழியாவோ தொண்டை வழியாவோ குழாய் விட்டுக் கட்டாயமா ஊட்டுச்சு. அது மருத்துவம் இல்ல, சித்திரவதை. வெளில எதிர்ப்பு வலுத்ததும் 1913ல ஒரு சட்டம், உடம்பு மோசமானா வெளில விடு, கொஞ்சம் தேறுனதும் திரும்பப் பிடிச்சு உள்ள போடுன்னு, மக்கள் அதுக்குப் பூனை எலிச் சட்டம்னே பேரு வெச்சாங்க. சஃப்ரஜெட்டுங்க கடை ஜன்னல உடைச்சாங்க, காலியான கட்டிடங்களுக்குத் தீ வெச்சாங்க, அதையும் மறைக்காம சொல்லணும், அது சரியான வழியான்னு அப்பவே அவங்களுக்குள்ளயே சண்டை வந்து சிலர் பிரிஞ்சு போனாங்க. 1918ல 30 வயசு தாண்டுன, சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு மட்டும் ஓட்டு வந்துச்சு, ஆம்பளைங்களுக்கு 21 வயசு. 1928 ஜூலைலதான் ரெண்டு பேருக்கும் 21ன்னு சமமாச்சு, எம்மலின் அதுக்குச் சில வாரம் முன்னாடி ஜூன்ல இறந்துட்டாங்க.

இப்ப தமிழ். ஓட்டுங்கிறது வோட்லருந்து வந்தது, வாக்குங்கிறது வடமொழில சொல்லுங்கிற அர்த்தத்துலருந்து வந்தது, வாக்கு குடுத்தான்னு சொல்றோமே அதே வாக்கு. குடவோலை இருக்கேன்னு சிலருக்குத் தோணும், ஆனா உத்திரமேரூர்க் கல்வெட்டுல உள்ளது பேரெழுதுன ஓலையக் குடத்துல போட்டுக் குலுக்கி எடுக்குற முறை, ஆளாளுக்கு ஓட்டுப்போடுறது இல்ல, அதனால அது இங்க பொருந்தாது. சஃப்ரேஜுக்கு வாக்குரிமைன்னு நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, வயதுவந்தோர் வாக்குரிமைன்னு இங்க பாடப்புத்தகத்துல படிச்சோம், இலங்கைல சர்வசன வாக்குரிமைம்பாங்க, அங்க 1931லயே அது வந்துடுச்சு. அதனால சஃப்ரஜிஸ்டுக்கு வாக்குரிமை இயக்கத்தவர், சஃப்ரஜெட்டுக்கு வாக்குரிமைப் போராளி, இதுதான் என் பரிந்துரை. பெண் வாக்காளர்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க, அது ஓட்டுப்போடுற பெண், இவங்களுக்கு ஓட்டே இல்லாததாலதானே தெருவுக்கு வந்தாங்க. போராளின்னா இன்னைக்குத் துப்பாக்கி ஞாபகம் வருதேன்னு சிலர் சொல்லலாம், மொழிப்போராளி, சமூகப்போராளின்னு தாராளமா சொல்றோமே, அந்த அர்த்தம் இன்னும் உயிரோடதான் இருக்கு. குத்தலும் அத இவங்க திருப்பிப் போட்டதும் தெரியணும்னா ஒரு தடவை சஃப்ரஜெட்னே எழுதி விளக்கிட்டு அப்புறம் தமிழ்ச் சொல்லுக்கு வாங்க, விகுதிய மொழிபெயர்க்கப் பாத்தா அசிங்கமாத்தான் வரும்.

இந்தச் சொல் நமக்குத் தூரத்துச் சங்கதின்னு நினைக்க வேண்டாம். 1910 நவம்பர் 18, கறுப்பு வெள்ளிக்கிழமைன்னு சொல்ற அந்த நாள்ல எம்மலின்கூட பார்லிமெண்ட் வாசலுக்கு நடந்தவங்கள்ல பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கோட மகள் சோஃபியாவும் ஒருத்தர். அதே சமயத்துல டப்ளின்லருந்து லண்டன் வந்து கல்லெறிஞ்சு ஹாலோவே ஜெயில்ல இருந்த மார்கரெட் கசின்ஸ் 1915ல மெட்ராஸ் வந்தாங்க, 1917ல அடையாறுல இந்திய மாதர் சங்கம் தொடங்குனவங்கள்ல அவங்க முக்கியமானவங்க. அந்த டிசம்பர்லயே சரோஜினி நாயுடு தலைமைல ஒரு குழு மெட்ராஸ்ல இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவப் பாத்து பெண்களுக்கும் ஓட்டு வேணும்னு கேட்டுச்சு, 1921ல இந்திய மாகாணங்கள்லயே முதல்ல மெட்ராஸ் மாகாணம் குடுத்துச்சு, அதுவும் சொத்துத் தகுதியோடதான். சில வருஷத்துலயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குள்ள போய் 1927ல அதோட துணைத் தலைவர் ஆனாங்க. இவங்க யாரும் இங்க ஜன்னல உடைக்கல, மனு, கூட்டம், சட்டசபை வாதம் இதுதான் வழி, அதனால இவங்கள இந்திய சஃப்ரஜெட்னு எழுதுறது தப்பு, வாக்குரிமை இயக்கத்தவர்னு எழுதுங்க. மார்கரெட் கசின்ஸ் ஒருத்தருக்குத்தான் ரெண்டு பெயரும் பொருந்தும், டப்ளின்லயும் லண்டன்லயும் போராளி, மெட்ராஸ்ல இயக்கத்தவர்.