இராணுவச் சட்டம் அமலானால் என்ன மாறும்?

வழக்கமான நிர்வாகமும் நீதிமன்றங்களும் செய்யும் வேலையை, நாடு முழுவதிலோ அதன் ஒரு பகுதியிலோ, இராணுவம் தன் கையில் எடுத்துக்கொள்வதுதான் இராணுவச் சட்டம். போர், படையெடுப்பு, ஆயுதக் கிளர்ச்சி என்று காவல்துறையால் சமாளிக்க முடியாத நிலை வந்தால் இதைப் பிறப்பிக்கப் பல நாடுகளின் அரசியலமைப்பு இடம் தருகிறது. ஊரடங்கு, கூட்டத் தடை, பத்திரிகைத் தணிக்கை, பிடியாணை இல்லாத கைது எல்லாம் கூடவே வரும்.

இவற்றில் பல நெருக்கடி நிலையிலும் வரக்கூடியவை. ஆனால் அங்கே கூடுதல் அதிகாரம் பெறுவது சிவில் அரசு. இராணுவச் சட்டத்தில் தளபதியின் அறிவிப்பே சட்டமாகிவிடுகிறது. அதை மீறியதாகச் சொல்லப்படும் சாதாரணக் குடிமக்களை இராணுவ நீதிமன்றமே விசாரிக்கவும் கூடும். மக்கள் மிகவும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் ஹவாயில் இராணுவச் சட்டம் வந்தது. 1944 அக்டோபர் வரை நீடித்தது. கையாடல், அடிதடி போன்ற வழக்குகளில்கூடப் பொதுமக்கள் இராணுவத் தீர்ப்பாயங்களில் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கு அதிகாரமே இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1946இல், போரே முடிந்த பிறகு.

ஆகவே, இதை யார் பிறப்பிக்கலாம் என்பதைவிட, யார் நீக்கலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிலிப்பைன்சில் ஃபெர்டினான்ட் மார்கோஸ் 1972 செப்டம்பரில் கொண்டுவந்த இராணுவச் சட்டம் 1981 ஜனவரி வரை நீடித்தது. தைவானில் 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள். பட்ட பாட்டிலிருந்து பிலிப்பைன்ஸ் பாடம் கற்றது. அதன் 1987 அரசியலமைப்புப்படி படையெடுப்போ கிளர்ச்சியோ இருந்தால் மட்டுமே அறிவிக்கலாம். முதலில் 60 நாட்களுக்குத்தான். அதிபர் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். நாடாளுமன்றம் அதை ரத்து செய்யலாம். குடிமகன் எவரும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போடலாம், 30 நாட்களில் தீர்ப்பு வந்தாக வேண்டும். சிவில் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது.

தென் கொரியாவில் இத்தகைய பூட்டு ஒன்று வேலை செய்ததை உலகமே பார்த்தது. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றச் செயல்பாடும் தடை என்றது இராணுவ ஆணை. உறுப்பினர்கள் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். வந்திருந்த 190 பேரும் நீக்கக் கோரி வாக்களித்தார்கள். பெரும்பான்மை கேட்டால் அதிபர் நீக்கியே ஆக வேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 77ஆம் பிரிவு. சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது.

உண்மையான போரில் நிலைமை வேறு. ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய 2022 பிப்ரவரி 24 அன்றே உக்ரைன் இதைக் கொண்டுவந்தது. நீட்டிப்புக்கு ஒவ்வொரு முறையும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். அமலில் இருக்கும்வரை அங்கே தேர்தல் நடத்த முடியாது.

எந்த இராணுவச் சட்டமும் தொடக் கூடாத உரிமைகளும் உண்டு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, பொது நெருக்கடியில் சில உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. ஆனால் காரணமின்றி உயிரைப் பறிப்பதையும், சித்திரவதையையும், அடிமைப்படுத்துவதையும், செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னர் தண்டிப்பதையும் அந்த நேரத்திலும் அது தடுக்கிறது. உடன்படிக்கையை ஏற்ற நாடு எது எதை நிறுத்திவைத்தது, ஏன் என்று ஐ.நா. பொதுச்செயலர் வழியாக மற்ற நாடுகளுக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும்.